ஸ்லாட் காலியா இருக்கு, ஆனா சர்வர் ஆன் ஆகலையே! – பிளேடு சர்வர்களில் மின் ஒதுக்கீடு: ஓர் எளிய பாடம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் இ-சேவை மையங்களில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று கையில் கவரோடு பிள்ளைகளும் பெற்றோரும் காத்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து கவுன்ட்டரில் இருந்து ஒரு குரல் வரும்: "சர்வர் டவுன் சார், கொஞ்சம் உட்காருங்க."

இந்த "சர்வர் டவுன்" என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். இணைய இணைப்பு அறுந்திருக்கலாம், மென்பொருளில் பிழை இருக்கலாம், தரவுத்தளம் திணறியிருக்கலாம். யாரும் அதிகம் யோசிக்காத இன்னொரு காரணமும் உண்டு. அது மின்சாரம். "டேட்டா சென்டர்ல யு.பி.எஸ். இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, அங்க எப்படிங்க கரண்ட் பிரச்சினை வரும்?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் பாடத்தைத் தயார் செய்வதற்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். இதழியல் படித்த எனக்கு வாட் என்றால் பல்பு அட்டையில் போட்டிருக்கும் எண், அவ்வளவுதான். மின்சாரம் வருவது ஒரு விஷயம், வந்த மின்சாரத்தைச் சரியாகப் பங்கு போடுவது வேறு விஷயம் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது.

மாவட்ட மின்னாளுமைப் பணியில் இருப்பவர்கள், துறை அலுவலகங்களில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவர்கள், கணினி படிக்கும் மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். பேனாவும் பேப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளேடு சர்வர் என்றால் என்ன?

சாதாரண சர்வர் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக பவர் சப்ளை, மின்விசிறி, நெட்வொர்க் கேபிள் இருக்கும். பத்து சர்வர் என்றால் எல்லாமே பத்து செட். பிளேடு சர்வரில் அப்படி இல்லை. செயலி, நினைவகம் மட்டும் கொண்ட மெல்லிய பலகை போன்ற சர்வர்களை ஒரு பெரிய பெட்டிக்குள் வரிசையாகச் செருகிவிடுவார்கள். அந்தப் பெட்டிக்கு சேசிஸ் என்று பெயர். பவர் சப்ளை, மின்விசிறி, நெட்வொர்க் சுவிட்ச் எல்லாம் அந்தப் பெட்டிக்குச் சொந்தம். பிளேடுகள் அவற்றைப் பகிர்ந்துகொள்ளும்.

இந்த வகை சர்வரை 2001-ல் ஆர்.எல்.எக்ஸ். டெக்னாலஜீஸ் என்ற அமெரிக்க நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு ஐ.பி.எம்., ஹெச்.பி., டெல், சிஸ்கோ எல்லாம் வந்தன. 2006-ல் வெளியான ஹெச்.பி. சி7000 என்ற சேசிஸை நம் பாடத்துக்கு எடுத்துக்கொள்வோம். உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்பட்டது இது. கணக்குப் போடவும் வசதி. 10 யு உயரம். ஒரு யு என்பது 1.75 அங்குலம். அரை உயர பிளேடுகள் 16 வரை இதில் செருகலாம். 10 மின்விசிறி, 6 பவர் சப்ளை. ஒரு பவர் சப்ளை 2,400 வாட் தரும் என்று வைத்துக்கொள்வோம்.

பகிர்ந்துகொள்வதில் இடமும் செலவும் மிச்சம். ஆனால் பொதுவில் ஒன்று தவறினால் அது பதினாறு பேரையும் பாதிக்கும். மின் ஒதுக்கீட்டில் இவ்வளவு கவனம் தேவைப்படுவது இதனால்தான்.

கையில் இருப்பது எவ்வளவு?

ஆறு பவர் சப்ளை, ஒவ்வொன்றும் 2,400 வாட். மொத்தம் 14,400 வாட். "அப்போ 14,400 வரைக்கும் செலவு பண்ணலாம்" என்று நினைத்தால் அங்கேதான் முதல் தவறு. எவ்வளவு பயன்படுத்தலாம் என்பது, எதற்குத் தாங்கும்படி சேசிஸை அமைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பொதுவாக மூன்று முறைகள் உண்டு.

முதலாவது, மாற்று இல்லாத முறை. ஆறும் வேலை செய்யும், 14,400 வாட்டும் பயன்படுத்தலாம். ஆனால் ஒன்று பழுதானாலும் பற்றாக்குறைதான்.

இரண்டாவது, என்+1 முறை. ஒரு பவர் சப்ளையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. 5 × 2,400 = 12,000 வாட். ஒன்று பழுதானால் சமாளிக்கலாம்.

மூன்றாவது, என்+என் முறை. மூன்று பவர் சப்ளையை ஏ மின்பாதையிலும், மூன்றை பி மின்பாதையிலும் இணைப்பது. ஏ பாதையின் யு.பி.எஸ். மொத்தமாக நின்றுபோனாலும் பி பாதை முழுச் சுமையையும் தாங்க வேண்டும். அதனால் கணக்கில் வருவது 3 × 2,400 = 7,200 வாட் மட்டுமே.

மக்கள் சேவைக்கான சர்வர் என்றால் மூன்றாவது முறைதான் சரி. ஏனென்றால் பவர் சப்ளை தனியாகப் பழுதாவது மட்டுமே நமக்கு ஆபத்து இல்லை. யு.பி.எஸ். பராமரிப்புக்காக நிறுத்துவது, பிரேக்கர் விழுவது, யாரோ தவறான பிளக்கைப் பிடுங்குவது எல்லாம் ஒரு பாதையை மொத்தமாகக் காலி செய்பவை.

ஒதுக்கீடு வேறு, பயன்பாடு வேறு

பிளேடை ஸ்லாட்டில் செருகியதும் அது உடனே ஆன் ஆகிவிடாது. முதலில் சேசிஸின் நிர்வாகப் பகுதியிடம் "எனக்கு இவ்வளவு வாட் வேண்டும்" என்று கேட்கும். நிர்வாகப் பகுதி தன் கணக்கைப் பார்க்கும். இருப்பு இருந்தால் ஒதுக்கும், பிளேடு ஆன் ஆகும். இல்லையென்றால் மறுத்துவிடும்.

பேருந்தில் ரிசர்வேஷன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்தில் ஏறப்போகிறவருக்கு சீட் புக் ஆகியிருக்கிறது. சென்னையில் அந்த சீட் காலியாகத்தான் இருக்கும், ஆனாலும் கண்டக்டர் அதை வேறு ஒருவருக்கு எழுதித் தரமாட்டார். அதேபோல ஒரு பிளேடு 450 வாட் ஒதுக்கீடு வாங்கிக்கொண்டு 250 வாட்தான் செலவழித்தாலும், மீதி 200 வாட் கணக்கில் அதன் பெயரில்தான் இருக்கும்.

இப்போது கணக்கு. மின்விசிறிக்கும் சுவிட்சுகளுக்கும் 1,000 வாட் என்று வைப்போம். 7,200-ல் 1,000 போனால் மீதி 6,200. ஒரு பிளேடு 450 வாட் கேட்கிறது. 6,200-ஐ 450-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13.8 வருகிறது. ஆக, 13 பிளேடுதான் ஆன் ஆகும். மீதி மூன்று ஸ்லாட்டில் புது பிளேடைச் செருகினால் "போதிய மின்சாரம் இல்லை" என்று செய்தி வரும். ஸ்லாட் காலியாக இருக்கிறது, பிளேடும் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆன் ஆகாது.

இந்த இடத்தில்தான் தப்பு நடக்கிறது

மேலே இருந்து "எப்போ ஆன் பண்ணுவீங்க?" என்று போன் வந்துகொண்டே இருக்கும். நிர்வாகத் திரையைத் திறந்தால் என்+என் என்று ஒரு அமைப்பு தெரியும். அதை "மாற்று இல்லை" என்று மாற்றினால் கையில் இருப்பது 7,200-லிருந்து 14,400 ஆகிவிடும். மூன்று பிளேடும் உடனே ஆன் ஆகிவிடும். எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு கிளிக்கில் முடிந்த வேலை.

என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். 16 பிளேடு × 450 = 7,200. அதோடு 1,000. மொத்த உச்சத் தேவை 8,200 வாட். சாதாரண நாளில் ஒரு பிளேடு 250 வாட்தான் எடுக்கிறது என்றால் 4,000 + 1,000 = 5,000 வாட். அன்றைக்கு ஏ பாதை நின்றுபோனாலும் பி பாதையின் மூன்று பவர் சப்ளை 7,200 வரை தாங்கும் என்பதால் ஒன்றும் ஆகாது. சோதித்துப் பார்த்தால்கூட "எல்லாம் ஓகே" என்றுதான் வரும்.

ஆனால் ரிசல்ட் வாரத்தில், எல்லா பிளேடும் முழு மூச்சில் வேலை செய்து 8,200 வாட் எடுக்கிற நேரத்தில் ஏ பாதை நின்றால்? மூன்று பவர் சப்ளை மீது 1,000 வாட் கூடுதல் சுமை விழும். சில சேசிஸ்கள் பிளேடுகளின் வேகத்தைச் சட்டென்று குறைத்துச் சமாளிக்கப் பார்க்கும். முடியாமல் போனால் பவர் சப்ளைகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அப்போது அணைவது கூடுதலாகச் செருகிய மூன்று பிளேடு மட்டும் இல்லை. பதினாறும்தான்.

கவனித்தீர்களா? இந்தத் தவறு அமைதியான நாளில் வெளியே தெரியாது. கூட்டம் அதிகமான நாளுக்காகக் காத்திருக்கும். அன்றைக்குத்தான் விண்ணப்பத்தின் கடைசித் தேதியாகவும் இருக்கும். எச்சரிக்கைச் செய்தியை மறைய வைப்பதும் பிரச்சினையைத் தீர்ப்பதும் ஒன்றல்ல.

சரியான வழி: உச்ச வரம்பு வைப்பது

பிளேடு எவ்வளவு எடுக்கலாம் என்று ஒரு மேல் வரம்பு வைக்கலாம். இதை பவர் கேப்பிங் என்பார்கள். மீதமிருக்கும் 6,200 வாட்டை 16-ஆல் வகுத்தால் 387.5. கொஞ்சம் குறைத்து ஒவ்வொன்றுக்கும் 380 வாட் வைத்தால் 16 × 380 = 6,080. என்+என் பாதுகாப்பை விட்டுக்கொடுக்காமலே பதினாறும் ஆன் ஆகும்.

வரம்பைத் தொட்டால் என்ன ஆகும்? பிளேடு அணையாது. செயலியின் கடிகார வேகமும் மின்னழுத்தமும் குறையும். செயலி இயங்கும்போது எடுக்கும் மின்சாரம் வேகத்தோடும், மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தோடும் சேர்ந்து மாறும். இரண்டையும் 10 சதவீதம் குறைத்தால் 0.9 × 0.9 × 0.9 = 0.729. அதாவது வேகத்தில் 10 சதவீதம் இழந்து, இயங்கு மின்சாரத்தில் ஏறக்குறைய 27 சதவீதம் மிச்சம் பிடிக்கலாம். பேரம் நமக்குச் சாதகம். நடைமுறையில் மின்னழுத்தத்தை ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது, அதனால் இந்த லாபம் எல்லையில்லாமல் தொடராது. இருந்தாலும் நெரிசலான நாளில் பக்கம் கொஞ்சம் மெதுவாகத் திறப்பது, மொத்தமாக நின்றுபோவதைவிட எவ்வளவோ மேல். வரிசை மெதுவாகவாவது நகரும் அல்லவா?

எல்லோருக்கும் ஒரே வரம்பு என்பதும் கட்டாயம் இல்லை. தரவுத்தளம் ஓடும் பிளேடு தடுமாறினால் மற்ற எல்லாமே காத்திருக்கும். அதனால் தரவுத்தள பிளேடு இரண்டுக்கும் முழு 450 வாட் கொடுங்கள்: 900. மீதி 14 பிளேடுக்கு 375 வாட்: 5,250. மொத்தம் 6,150. இதுவும் 6,200-க்குள் அடங்கிவிட்டது.

சில நிறுவனங்களின் சேசிஸில் வாட் எண்ணுக்குப் பதிலாக முன்னுரிமை எண் கொடுக்கலாம். சிஸ்கோ யு.சி.எஸ்.-ல் 1 முதல் 10 வரை எண்கள் உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை: 1 தான் மிக உயர்ந்த முன்னுரிமை, 10 கடைசி. நாம் எதுவும் மாற்றாவிட்டால் எல்லாருக்கும் 5. "பத்துக்குப் பத்து மார்க்" என்று நினைத்து முக்கியமான சர்வருக்கு 10 கொடுத்துவிட்டால், நெருக்கடியில் முதலில் வேகம் குறைவது அதற்குத்தான்.

கண்காணிப்பு: எதைப் பார்க்க வேண்டும்?

375, 380 என்று எண் வைத்தோமே, அது சரியா என்று எப்படித் தெரியும்? அளந்துதான் தெரியும். சேசிஸின் நிர்வாகத் திரையிலேயே வாட் அளவு தெரியும். ஐ.பி.எம்.ஐ. வழியாகவோ, 2015-ல் வெளியான ரெட்ஃபிஷ் என்ற தரத்தின் வழியாகவோ, ஒரே மென்பொருளில் எல்லா சேசிஸின் அளவுகளையும் சேகரிக்கலாம். தினமும் பார்க்க வேண்டியவை:

* ஒதுக்கிய வாட், உண்மையில் எடுக்கும் வாட் – இரண்டும் தனித்தனியாக.
* சராசரி மட்டும் போதாது, உச்ச அளவும் வேண்டும். ஐந்து நிமிடச் சராசரியில் பத்து நொடி உச்சம் காணாமல் போய்விடும். ஆனால் சுமை ஏறுவது அந்தப் பத்து நொடியில்தான்.
* எந்த பிளேடு எத்தனை முறை வரம்பைத் தொட்டது. அடிக்கடி தொட்டால் வரம்பு குறைவு. ஒருமுறைகூடத் தொடவில்லை என்றால் அங்கே ஒதுக்கியதை வேறு பிளேடுக்குத் தரலாம்.
* ஒவ்வொரு பவர் சப்ளையின் நிலை, எந்த மின்பாதையில் இருக்கிறது என்பது. திரையில் என்+என் என்று இருக்கும், ஆனால் ஆறு கேபிளும் ஒரே பாதையில் செருகியிருந்தால் அது வெறும் எழுத்துதான். கேபிளைக் கையால் பிடித்துப் பின்தொடர்ந்து பாருங்கள்.
* உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை. காற்று சூடானால் மின்விசிறி வேகமாகச் சுற்றும், அதுவும் மின்சாரம்தான்.

குறைந்தது ஒரு மாதமாவது அளவெடுத்து, அதில் நெரிசலான நாட்களும் இருக்கும்படி பார்த்து, பிறகு வரம்பை முடிவு செய்யுங்கள். ஏப்ரலில் அளந்துவிட்டு ஜூனுக்கு வரம்பு வைக்கக் கூடாது.

சேசிஸுக்கு வெளியேயும் கணக்கு உண்டு

42 யு ரேக்கில் 10 யு சேசிஸ் நான்கு வைக்க இடம் இருக்கிறது. மின்சாரம் இருக்கிறதா? 32 ஆம்பியர் மும்முனை இணைப்பு ஒன்று 400 வோல்ட்டில் ஏறக்குறைய 22 கிலோவாட் தரும். பிரேக்கரின் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து ஏற்றாமல் இருப்பது நல்ல பழக்கம். அப்படியென்றால் 17.7 கிலோவாட். நம் சேசிஸ் 7,200 வாட் தர, பவர் சப்ளையின் 94 சதவீதத் திறனில் 7.66 கிலோவாட் உள்ளே இழுக்கும். இரண்டு சேசிஸ் என்றால் 15.3, தாங்கும். மூன்று என்றால் 23, பிரேக்கர் விழும். இடம் நான்குக்கு, மின்சாரம் இரண்டுக்கு!

ஏ, பி என்று இரண்டு பாதை இருக்கிறதே என்றால், ஒன்று போனால் மற்றது முழுவதையும் சுமக்க வேண்டும். ஆகவே சாதாரண நேரத்தில் ஒவ்வொரு பாதையும் 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

எடுக்கும் மின்சாரம் எல்லாம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஒரு டன் குளிரூட்டல் 3.517 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். 7.66-க்கு 2.2 டன். நம் வீட்டு ஒன்றரை டன் ஏ.சி. கணக்கில் ஒரு சேசிஸுக்கு ஒன்றரை ஏ.சி.!

இன்னொன்று: மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும் எல்லா பிளேடும் ஒரே நேரத்தில் ஆன் ஆக முயன்றால் சுமை திடீரென்று எகிறும். அதனால் முதலில் தரவுத்தளம், சில நிமிடம் கழித்து மற்றவை என்று வரிசையாக ஆன் ஆகும்படி முன்கூட்டியே அமைத்துவிடுங்கள்.

இது நம் பணமும்தான்

ஒரு வாட் ஆண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட். வேலையே இல்லாமல் 100 வாட் தின்றுகொண்டிருக்கும் ஒரு பழைய பிளேடை அணைத்தால் ஆண்டுக்கு 876 யூனிட் மிச்சம். அதைக் குளிரூட்டும் செலவு தனி. "அது எதுக்கு ஓடுதுன்னே தெரியல, ஆனா அணைக்கப் பயமா இருக்கு" என்று சொல்லும் பிளேடு எந்த சர்வர் அறையிலும் ஒன்றிரண்டு இருக்கும். அதன் மேல் ஓடும் சேவை என்ன, யார் பொறுப்பு என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தால் அந்தப் பயம் போய்விடும்.

பவர் சப்ளைகளும் குறைந்த சுமையில் மின்சாரத்தை வீணாக்கும். 80 பிளஸ் பிளாட்டினம் தரத்தில் 50 சதவீதச் சுமையில் 94 சதவீதத் திறன் என்றால், 20 சதவீதச் சுமையில் 90 தான். சுமை குறைவான இரவு நேரத்தில் சில பவர் சப்ளைகளைக் காத்திருப்பு நிலைக்கு அனுப்பும் வசதி பல சேசிஸில் உண்டு. அதைப் பயன்படுத்தும்போது இரு பாதையிலும் குறைந்தது ஒன்றாவது இயங்குகிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. சிஸ்கோ யு.சி.எஸ். 5108 சேசிஸில் 4 பவர் சப்ளை, ஒவ்வொன்றும் 2,500 வாட். என்+1, என்+என் முறைகளில் எவ்வளவு பயன்படுத்தலாம்?
2. அதே சேசிஸில் 8 பிளேடு, ஒவ்வொன்றும் 600 வாட் கேட்கிறது. விசிறி முதலியவற்றுக்கு 600 வாட். என்+என் முறையில் எத்தனை பிளேடு ஆன் ஆகும்? எட்டும் ஆன் ஆக வரம்பு எவ்வளவு?
3. ஏ பாதை பிரேக்கர் அளவில் 55 சதவீதம், பி பாதை 50 சதவீதம் காட்டுகிறது. இரண்டுமே பச்சை விளக்கு. நிம்மதியாக இருக்கலாமா?

விடைகள்

1. என்+1-ல் 7,500 வாட், என்+என்-ல் 5,000 வாட்.
2. மீதி 4,400. அதை 600-ஆல் வகுத்தால் 7 பிளேடு. எட்டும் ஓட வேண்டுமானால் வரம்பு 550 வாட்.
3. கூடாது. ஒன்று நின்றால் மற்றது 105 சதவீதம் சுமக்க வேண்டும். அதுவும் விழும்.

மூன்றாவது கேள்விக்கு "இருக்கலாம்" என்று எழுதியிருந்தால் வருத்தப்பட வேண்டாம், முதல்முறை நானும் அப்படித்தான் எழுதினேன். நாளைக் காலை உங்கள் சர்வர் அறைக்குப் போனதும் இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள்: ஏ பாதை எவ்வளவு, பி பாதை எவ்வளவு. கூட்டிப் பாருங்கள். எண்பதைத் தாண்டினால், அடுத்த ரிசல்ட் வருவதற்குள் செய்ய வேண்டிய வேலை உங்களுக்கு இருக்கிறது.